ஸ்டியரிங் இறுகிய வளைவு

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று மெக்கானிக் வினோத்குமார் சொல்லி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒற்றை வார்த்தையில், வண்டியை ஓட்டிய இளவரசுக்கு மாமனார் வீட்டில் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் தரைமட்டமானது. மறுநாள் காலையில் ஒரு கட்டைப்பையில் நாலு சட்டையைத் திணித்துக்கொண்டு மங்கலம்பேட்டைக்கு, தன் அப்பா வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டான். போனவன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. ஆறு வயதில் தமிழினி என்று ஒரு பெண் இருக்கிறது. அப்பா எங்கே, அப்பா எங்கே என்று கேட்டு அதுவும் ஓய்ந்துவிட்டது.

பத்தாம் நாள் காலை அவன் மனைவி தமிழ்ச்செல்வி, தேவனாம்பட்டினத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, செம்மண்டலத்தில் வினோத்குமாரின் ஷெட் வாசலில் வந்து இறங்கினாள். ஐப்பசி மழை இரவெல்லாம் கொட்டி அப்போதுதான் விட்டிருந்தது. ஷெட்டுக்கு முன்னால் கணுக்கால் சேறு. டிங்கர் வேலை முடிந்து, புதுப் பெயிண்ட் வாசனையோடு அவர்களுடைய வெள்ளைக் கார் ஓரமாக நின்றது. பத்து வருஷப் பழைய கார். மாப்பிள்ளை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கட்டும் என்று அவள் அப்பா சக்கரபாணி வாங்கிப் போட்டது.

"தம்பி, வண்டிய இன்னொரு தபா பாக்கணும்" என்றாள்.

வினோத்குமார் ஒரு டாடா ஏஸின் டைனமோவை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தான். வயது முப்பது ஆகவில்லை. வேலை தெரிந்தவன், அது தனக்குத் தெரியும் என்பதையும் மறைக்காதவன்.

"என்னாக்கா பாக்கறது? ஆக்ஸிடெண்ட் ஆன எடத்துலேருந்தே நாந்தான ஓட்டியாந்தேன். பஞ்சு மாரி திரும்புச்சு ஸ்டியரிங்கு. உங்கப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

"நீ சொன்னதாலதான் கேக்கறேன். நாளைக்கிக் காலைல நெல்லிக்குப்பத்துலேருந்து ஆளு வருது வண்டி வாங்க. எடுத்துக்கினு போயிட்டா அப்பறம் எதுவும் தெரியாது. இன்னைக்கி ஒரு நாளுதான் இருக்கு."

"தெரிஞ்சு என்னாக்கா பண்ணப் போறீங்க?"

வண்டி நாளை கைமாறும், ஞாயிற்றுக்கிழமை அப்பா ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை அழைத்துக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் போய்ப் பேசித் தீர்த்துவிட்டு வருவார். தீர்ப்பது என்றால் அறுத்துவிடுவது. ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட கல்யாணம், நிலம் நீச்சென்று இருக்கிற வீட்டுப் பையனைக் கடற்கரைப் பெண் கட்டியது, அப்பா ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். சிதம்பரத்தில் ஒரு சொந்தக்காரப் பெண்ணின் நிச்சயத்துக்கு மாமியார் பூவம்மாளை அழைத்துக்கொண்டு இளவரசு காரில் போனான். திரும்பும்போது பொழுது சாய்கிற நேரம், நல்ல மழை. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் வலது கையாக ஒரு வளைவு, அதன் இடது ஓரத்தில் வாய்க்கால். வண்டி வளையாமல் நேராக வாய்க்காலில் போய் இறங்கிவிட்டது. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பூவம்மாளுக்கு இடது கால் எலும்பு முறிந்தது. முப்பதில்தான் வந்தேன், பாதி வளைவில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, கையால் அசைக்க முடியவில்லை என்று இளவரசு சொன்னான். தூக்கிவிட்டவர்கள் பார்த்தது வேறு. கை கால் உதற, வாய் குழற நின்றிருந்தானாம். தண்ணி போட்டுவிட்டு ஓட்டியிருக்கிறான் என்று ஒருத்தன் சொன்னான். ஆம்புலன்ஸ் கடலூர் வருவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிட்டது. இளவரசு குடித்தவன்தான். விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. விட்டதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அப்பாவும் சொந்தக்காரர்களும் சுற்றி நிற்க, தமிழ்ச்செல்வி புருஷனிடம் வாயை ஊதிக் காட்டச் சொன்னாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குனிந்து ஊதினான். சாராய வாசனை இல்லை. பயத்தில் வாந்தி எடுத்திருந்தான், அந்தப் புளித்த நாற்றம்தான் அடித்தது. அவள் சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அவள் நகர்ந்ததைப் பார்த்து அப்பா, "போதும், தெரிஞ்சிடுச்சு" என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. மழையில் நனைந்திருக்கிறான், வாசனை போயிருக்கலாம், குடித்தும் நாற்றம் தெரியாமல் இருக்கலாம் என்று அந்த நேரத்தில் நினைத்தாள். அம்மாவின் கால் துணியில் சுற்றிக் கிடந்தது. யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. பத்து நாளாக அந்த இரண்டடியை நினைத்துத்தான் அவளுக்குத் தூக்கம் இல்லை.

வினோத்குமார் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவனும் கல் நெஞ்சுக்காரன் இல்லை.

"ஒக்காருங்க. பாக்கறேன். ஆனா இது எண்ணெ ஊத்தற ஸ்டியரிங்கு இல்லக்கா. கரண்டு ஸ்டியரிங்கு. நீங்க திருப்பறப்ப ஒரு மோட்டாரு கூட சேந்து திருப்பும். அதுல எதாவது கோளாறுன்னா மீட்டர்ல லைட்டு எரிஞ்சுடும். நான் ஓட்டியாந்தேனே, இருவத்தஞ்சு கிலோமீட்டரு, ஒரு தபாகூட எரியல."

"எரியாம இருந்ததா, எரியறதுக்கு லைட்டே இல்லாம இருந்ததான்னு பாத்தியா?"

வாய்க்கு வந்ததைத்தான் கேட்டாள். ஆனால் வினோத்குமார் சாவியைத் திருப்பப் போனவன் கொஞ்சம் நின்றான். பிறகு சாவியைத் திருப்பினான். மீட்டரில் பாட்டரி விளக்கு எரிந்தது, ஆயில் விளக்கு எரிந்தது, கதவு விளக்கு எரிந்தது. அவன் அணைத்து, மறுபடி திருப்பினான். அவன் முகம் மாறியது.

"சாவி போட்டதும் ஸ்டியரிங்கு லைட்டும் ஒரு செகண்டு எரிஞ்சு அணையணும்" என்றான் மெதுவாக. "எரியலியே."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மீட்டரைக் கழற்றினான். பின்பக்கம் திருப்பி விரலை விட்டுத் தடவினான். ஒரு பொந்தில் பல்பு இல்லை. பழைய சொந்தக்காரனோ புரோக்கரோ, விளக்கு எரிந்தால் வண்டி விலை போகாது என்று பல்பையே பிடுங்கிவிட்டு விற்றிருக்கிறான். வினோத்குமார் அந்தப் பொந்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு நிமிஷம் கழித்து, "இத நான் பாத்திருக்கணும்க்கா" என்றான். அதற்கு மேல் மன்னிப்பு கின்னிப்பு என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. டைனமோவை அப்படியே தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டு வந்தான்.

புது பல்பு போட்டதும் விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஒரு சின்ன ஒயர்த் துண்டால் அங்கிருந்த பிளக்கின் இரண்டு ஊசிகளை இணைத்தான். பழைய கோளாறு இருந்தால் விளக்கு விட்டு விட்டு மின்னி அந்தக் கோளாறின் எண்ணைக் காட்டுமாம். சும்மா ஒரே சீராக மின்னியது.

"டிங்கரு வெல்டிங் வெக்கறதுக்குப் பாட்டிரியக் கழட்டிருக்கான். உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சு போயிருக்கும். இனிமே ஓட்டித்தான் புடிக்கணும்."

"எதுல?"

"அதே ரோட்டுலதான்."

வண்டி கிளம்பும்போது அப்பாவிடமிருந்து போன் வந்தது. சக்கரபாணி போனில் பேசினாலும் நடுக்கடலில் பக்கத்துப் படகுக்காரனைக் கூப்பிடுகிற மாதிரிதான் பேசுவார்.

"எங்க இருக்கற?"

"செம்மண்டலத்துலப்பா. வண்டிய ஓட்டிப் பாக்கறோம்."

"விக்கற வண்டிய என்னாத்துக்கு ஓட்டிக்கினு? இன்னும் எதுலயாவது முட்டணுமா? ஒங்கம்மா கால ஒடச்சது பத்தாதா?"

அவள் போனை அணைத்துவிட்டாள்.

குடிகாடு தாண்டும்வரை கெமிக்கல் கம்பெனிகளின் வாடை கண்ணாடியை ஏற்றியும் உள்ளே வந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள், தண்ணீர் தளும்பிக் கிடந்தன. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. தமிழ்ச்செல்வியின் கண் அந்தச் சின்ன விளக்கின் மேலேயே இருந்தது. அந்த வளைவு வந்தது. வாய்க்காலோரத்தில் கார் இறங்கிய இடத்தில் புல் இன்னும் படுத்தே கிடந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது. விளக்கு எரியவில்லை.

அப்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

எதற்கு இந்த நிம்மதி? வண்டி நல்ல வண்டியாக இருந்தால் அவன் குடித்தது நிஜம். அவன் குடித்தது நிஜமானால் அவள் பின்னால் நகர்ந்தது தப்பில்லை. புருஷன் யோக்கியனாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு வந்தவள், அவன் அயோக்கியன் என்று ஆனால் தான் தப்பித்தோம் என்று நினைக்கிறாள். சீ என்றாகிவிட்டது அவளுக்கு.

சிதம்பரம்வரை போனார்கள். தெற்கு வீதி முனையில் டீ குடித்தார்கள். வினோத்குமார் இரண்டு வடை தின்றான், அவளுக்கு இறங்கவில்லை. வீதியிலேயே வண்டியை முன்னும் பின்னும் ஒடித்துப் பார்த்தான். ஒரு விரலால் திருப்பினான். ஒன்றும் இல்லை.

"ஒருவேள அண்ணன் நெசமாவே..." என்று ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அவரு அடிக்கடி சொல்வாரு தம்பி. சில நேரம் கனக்குது, சில நேரம் லைட்டு மங்குதுன்னு. நான் காதுல வாங்கல. பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

"எந்த லைட்டு?"

"முன்னாடி லைட்டுதான். ரோட்டுக்கு அடிக்கிற லைட்டு."

வினோத்குமார் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "ஸ்டியரிங்கு கனக்கறப்பவா லைட்டு மங்கும்?"

"அதெல்லாம் நான் கேக்கல."

திரும்பும் வழியில் பரங்கிப்பேட்டை கூட்டுரோடு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, சாலையே தெரியாமல் வெள்ளையாக இறங்கியது. வினோத்குமார் வைப்பரைப் போட்டான். தமிழ்ச்செல்வி, "அன்னைக்கும் இதே மாரி மழதான்" என்றாள். "அவரு எல்லாத்தையும் போட்டிருப்பாரு தம்பி. லைட்டு, வைப்பரு, கண்ணாடில ஆவி புடிக்கும்னு ஃபேனு. அம்மாவுக்கு வேத்தா ஒத்துக்காது, ஃபேன ஜாஸ்தியாதான் வெச்சிருப்பாரு."

"நான் ஓட்டியாந்தது பட்டப்பகல்ல" என்றான் அவன். "ஒரு சுவிட்சு போடல." முகப்பு விளக்கைப் போட்டான். காற்றாடியை முழுசாகத் திருப்பினான். பின்கண்ணாடி ஹீட்டர், ரேடியோ என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் போட்டான். "வேகமா போறப்ப இந்த மோட்டாருக்கு வேல கம்மி. மெதுவாத் திருப்புனாதான் கரண்டு ஜாஸ்தி இழுக்கும். அந்த எடத்துல முப்பதுக்குக் கொறச்சு வரேன். கெட்டியாப் புடிச்சுக்குங்க."

வளைவு மழையில் திடீரென்று முன்னால் வந்து நின்றது. அவன் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒடித்தான். பாதி ஒடித்திருப்பான், முகப்பு வெளிச்சம் சோர்ந்து மஞ்சளானது, மீட்டரில் அந்தச் சின்ன விளக்கு எரிந்தது. வினோத்குமார் "ஐயோ" என்றான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தொங்குகிற மாதிரி பிடித்து இழுத்தான், அது வரவில்லை. வண்டி நேராக வாய்க்காலைப் பார்த்துப் போனது. பிரேக்கின் மேல் ஏறி நின்றுவிட்டான். சேற்றில் கொஞ்ச தூரம் சறுக்கி, முன் சக்கரம் கரையின் விளிம்பில் நின்றது. தமிழ்ச்செல்வியின் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே தண்ணீர்தான் தெரிந்தது, சாலை தெரியவில்லை.

காற்றாடி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. கேனைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்த பால்காரர் ஒருவர் நின்று, கண்ணாடியைத் தட்டினார். வினோத்குமார் கண்ணாடியை இறக்கினான். இறக்கும்போது அவன் கை தந்தி அடித்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், நாக்கு குழறியது.

"என்னாப்பா, பகல்லயே தண்ணியா?" என்றார் பால்காரர். "பத்து நாளிக்கி முன்னாடியும் இப்படித்தான் ஒருத்தன் இங்கயே உட்டான்."

தமிழ்ச்செல்வி கதவைத் திறந்து மழையில் இறங்கினாள். அந்த ஆளிடம் என்ன சொல்லுவது? "அவன் குடிக்கலைங்க" என்றாள். எவனைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பால்காரர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

வண்டியைப் பின்னால் எடுத்து, எதிரே மூடிக் கிடந்த ஒரு பஞ்சர் கடையின் தகரத்துக்கு அடியில் நிறுத்தினான். இன்ஜினை ஓடவிட்டு, எல்லா சுவிட்சையும் அப்படியே வைத்து, பானட்டைத் தூக்கினான். கரண்டு அளக்கிற மீட்டர் பெட்டியை எடுத்து, அதன் இரண்டு முனையையும் பாட்டரியின் இரண்டு தலையில் வைத்தான்.

"பதிமூணர வோல்ட்டு. பாட்டிரி ராசா மாரி இருக்கு." ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸிலேயே விட்டு, மற்றதை வண்டியின் இரும்பில் அழுத்தினான். எண்ணைப் பார்த்து உதட்டைக் கடித்தான். "இங்க சைபர் காட்டணும்க்கா. ரெண்டே முக்காலு காட்டுது. கரண்டு போறதுக்கு ஒயரு இருக்கு, திரும்பி வர்றதுக்கு இந்தப் பாடிதான் ஒயரு. அது எங்கியோ அடைச்சிருக்கு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா ஸ்டியரிங்குக்குக் கரண்டு பத்தாம கைய விட்டுடுது."

"அப்ப வண்டி எப்படி ஸ்டார்ட்டு ஆவுது?"

"இன்ஜினுக்குத் தனி எர்த்து. அதனாலதான் யாருக்கும் தெரியல."

இன்ஜினை அணைத்து, பாட்டரியைத் தூக்கிக் கீழே வைத்தான். அது உட்கார்ந்திருந்த தட்டுக்கு அடியில், வண்டியின் இரும்போடு ஒரு கறுப்பு ஒயரைப் பிடித்திருந்தது ஒரு போல்ட்டு. தொட்டவன் கையை உதறிக்கொண்டான். அது சுட்டது. ஸ்பானரைப் போட்டுத் திருப்பினான், அசையவில்லை, மேலே ஏறி நின்று திருப்பினான். கடைசியில் படக்கென்று விட்டு வந்தது. போல்ட்டின் அடியிலும் ஒயரின் வளையத்திலும் பழுப்புக் கறுப்பாக, கண்ணாடி மாதிரி ஏதோ படிந்து இறுகியிருந்தது. பிளேடால் சுரண்டினான், செதில் செதிலாக வந்தது.

"எவனோ வார்னிஷ் அடிச்சிருக்கான். துரு இல்ல. நல்லாத் தொடச்சு, சுத்தம் பண்ணி, மேல அடிச்சிருக்கான். எந்த மடயன் வேலன்னு தெரியலியே. இதுக்குள்ள கரண்டு எப்படிப் போவும்? எதோ மரை ஓரத்துல இரும்பும் இரும்பும் ஒட்டிக்கினு இவ்ளோ நாளு ஓடிருக்கு."

தமிழ்ச்செல்வி அந்த வளையத்தை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சூட்டில் வாசனை தெளிவாகவே வந்தது. முந்திரிக்கொட்டை எண்ணெய். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து டின்னில் வரும். மரப் படகுக்குப் பலகை அரிக்காமல் இருக்க அதைத்தான் பூசுவார்கள், காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும், உப்புத்தண்ணீர் உள்ளே போகாது. தேவனாம்பட்டினத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். போன மார்கழியில் தானே புயல் அடித்தபோது கடல்தண்ணீர் தெருவுக்குள் ஏறி இந்தக் கார் மூன்று நாள் முழங்கால் உப்புத்தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் அப்பா ஒரு டின்னும் துணியும் எடுத்துக்கொண்டு போய், கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, துடைத்து, பூசி, மாட்டினார். அந்த எண்ணெய் பட்டு அவர் விரல் தோல் உரிந்தது. பொங்கல் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார்.

"யாரு வேலன்னு தெரியுமாக்கா?"

"தெரியும்" என்றாள். மேலே அவன் கேட்கவில்லை.

உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, புது போல்ட்டு போட்டு முறுக்கினான். எல்லா சுவிட்சையும் போட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சுழற்றினான். மீட்டர் பெட்டியில் எண் அசையவில்லை. அந்த வளைவில் நாலு தடவை போய்த் திரும்பி வந்தார்கள். பழைய போல்ட்டை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டில் அவள் நுழைந்தபோது மணி மூன்றரை. கடல் சரியில்லை என்று நாலு நாளாக யாரும் தொழிலுக்குப் போகவில்லை. சக்கரபாணி கூடத்தில் வலையைப் பரப்பிக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரக் கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு பூவம்மாள் கிடந்தாள். சுறாப் புட்டு செய்து வைத்தது தட்டில் அப்படியே இருந்தது.

"வந்துட்டியா மகாராணி" என்றார் அப்பா. "என்னா சொன்னான் ஒன் மெக்கானிக்கு?"

அவள் போல்ட்டை அவிழ்த்து வலையின் மேல் வைத்தாள். அவர் எடுத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் கீறினார். முகர்ந்து பார்க்கவில்லை, அவருக்கு அதெல்லாம் வேண்டியதில்லை.

"இது எங்க இருந்துச்சு?"

"கார்ல. பாட்டிரிக்குக் கீழ. கரண்டு திரும்பி வர்ற எடமாம் அது. இது பூசி அடைச்சதால ஸ்டியரிங்கு இறுவிப் போவுது. இன்னைக்கு நான் உள்ள ஒக்காந்திருக்கறப்பவே அதே வாய்க்கால்ல எறங்கப் பாத்துச்சு."

"உப்பு அரிச்சிடும்னுதான் பூசுனேன்" என்றார். "போட்டுல எல்லா ஆணிக்கும் அதான பூசறோம். இருவது வருசத்துல ஒரு ஆணி அரிச்சதில்ல."

"ஆணில கரண்டு போவாதுப்பா."

சக்கரபாணி போல்ட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கட்டிலிலிருந்து பூவம்மாளின் குரல் வந்தது.

"பத்து நாளா என்னா சொல்லிக்கினு கெடக்கறேன் நான்? அந்தப் புள்ள என்னத் தோள்ல போட்டுக்கினு வாய்க்கால்லேருந்து ரோட்டுக்கு ஏறுச்சு. அத்தே அத்தேன்னு அழுதுச்சு. குடிச்சவன் அந்தச் சேத்துல நிப்பானா? தூங்கிக்கினு இருந்தவளுக்கு என்னா தெரியும்னு அப்பனும் மவளும் என் வாய அடைச்சீங்க."

வெளியே அலை இரைந்துகொண்டிருந்தது. சக்கரபாணி எழுந்து முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"போன் போடு" என்றார். "நான் பேசறேன்."

அவள் போட்டுக் கொடுத்தாள். ரொம்ப நேரம் மணி அடித்து, எடுத்தான். அவள் அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாகப் போனில் மெதுவாகப் பேசினார்.

"மாப்ள, நாந்தான். வண்டிலதான் கோளாறு. நாந்தான் பண்ணேன். எண்ணெ பூசுனேன், நல்லதுன்னு நெனச்சு. என்ன எதுவும் நெனச்சுக்காத." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "தமிழுதான் கண்டுபுடிச்சுது. காலைலேருந்து அந்த மெக்கானிக்க இழுத்துக்கினு மழைல அலையுது. நாங்க எல்லாம் உன்ன சந்தேகப்பட்டோம், அது மட்டும் உன் மேல நம்பிக்க வெச்சிருந்துச்சு. இந்தா, அதுகிட்டயே பேசு."

போன் கைக்கு வந்தது. அவள் காதில் வைத்தாள்.

"பாப்பா ஸ்கூலு உட்டு வந்துடுச்சா?" என்றான் இளவரசு. இத்தனை நாளுக்கு அப்புறம் கேட்கிற குரல்.

"இன்னும் வரல மச்சான்."

"உங்கப்பா சொன்னாரு. எம் மேல நம்பிக்கைலதான் அலஞ்சியாமே."

அவன் குரல் இளகியிருந்தது. உம் என்று ஒரு எழுத்து சொன்னால் போதும். காலைப் பஸ்ஸில் வந்துவிடுவான், மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும், இந்த வீட்டில் அதை மறுக்க ஒரு ஆள் இல்லை. அம்மாகூடப் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மச்சான்" என்றாள். "நம்பிக்கைல போவல. மொதல்ல அந்த எடத்துல ஒழுங்காத் திரும்புனப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நீ குடிச்சிருக்கேன்னு ஆயிட்டா நான் பண்ணது சரின்னு ஆயிடுமேன்னு."

அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் போகிற சத்தம் கேட்டது, அப்புறம் அவன் குரல்.

"அன்னைக்கி ஊதச் சொன்னியே. என்னா வாசன வந்துச்சு உனக்கு?"

"வாந்தி வாசன."

"வேற?"

"வேற ஒண்ணும் வரல."

"அப்பயே தெரியும் உனக்கு."

"தெரியும்."

"உங்கப்பாகிட்ட சொன்னியா அத?"

"சொல்லல."

"இப்ப சொல்லு" என்றான். "நான் லைன்லயே இருக்கேன்."

தமிழ்ச்செல்வி போனைக் காதிலிருந்து எடுத்து, மூடாமல், கையிலேயே பிடித்துக்கொண்டாள். சக்கரபாணி, பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து, எப்போ வர்றாராம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"அப்பா" என்றாள் அவள், அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்க. "அன்னைக்கி ஆஸ்பத்திரில நான் நகந்தேன் பாரு, அவரு வாயில சாராய வாசனையே இல்ல."